கையால் பிடுங்கிய டிஸ்க்

வளைகுடாவில், குதைபியாவில் நானும் அண்ணனும் ஒரே ரூமில் இருந்தோம். அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், என்னைவிட மூத்தவர், ஒரு மாலில் இருந்த தியேட்டரில் ஆபரேட்டர். நான் தியேட்டர் மெஷின்களைப் பழுது பார்க்கும் கம்பெனியில் இருந்தேன். ரூமில் சமையல் அவருடையது, பாத்திரம் என்னுடையது.

இப்போது ரீல் கிடையாது. படம் சர்வர் என்ற கம்ப்யூட்டருக்குள் நான்கு டிஸ்க்குகளில் பிரித்து எழுதப்பட்டிருக்கும். ஒன்று செத்தாலும் மற்ற மூன்றும் சேர்ந்து படத்தை ஓட்டிவிடும். இரண்டாவதும் போனால் திரை இருட்டுதான். அண்ணனுக்கு இது தெரியும். அதனால்தான் ஒரு டிஸ்க்கில் சிவப்பு விளக்கு எரிந்து சர்வர் கத்தத் தொடங்கிய அன்றே மேனேஜரிடம் போய்ச் சொன்னார். மேனேஜர் சென்னைக்காரர். பொங்கலுக்கு எங்கள் இருவரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு இலை போட்டவர். படம் ஓடுகிறதல்லவா, முதலில் அந்தச் சத்தத்தை நிறுத்துங்கள் என்றாராம். அண்ணன் நிறுத்தினார். ரூமுக்கு வந்து என்னிடமும் சொன்னார். ஆனால் மேனேஜர் கூப்பிடாமல் எங்கள் கம்பெனியிலிருந்து யாரும் போக முடியாது. அவர் கூப்பிடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியக் காட்சிக்குத் தமிழ்ப் படம். குடும்பம் குடும்பமாகக் கூட்டம். இடைவேளைக்குப் பிறகு படம் திக்கித் திக்கி ஓடியது. மேனேஜரே மேலே ஆபரேட்டர் ரூமுக்கு ஏறி வந்தார். ஒருமுறை பிடுங்கிச் செருகினால் சரியாகிவிடும் என்று ஒரு டிஸ்க்கை இழுத்தார். "சார், அது இல்ல" என்று அண்ணன் சொல்லி முடிப்பதற்குள் நல்ல டிஸ்க் அவர் கையில் இருந்தது. திரை அணைந்தது. பிறகுதான் எங்களுக்குப் போன் வந்தது.

நான் போனபோது மேனேஜர் கீழே கூட்டத்தைச் சமாதானம் செய்துகொண்டிருந்தார். நடந்ததை அண்ணன்தான் சொன்னார். பிடுங்கிய டிஸ்க்கைத் திரும்பச் செருகியும் சர்வர் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. வெளியாள் டிஸ்க் என்று ஒதுக்கி வைத்திருந்தது. புதிதாக எல்லாவற்றையும் ஏற்றலாம் என்றால், படம் வந்த டிரைவ் ஏற்கெனவே கூரியரில் திரும்பிப் போய்விட்டது. இருக்கிறதைத்தான் காப்பாற்ற வேண்டும். சர்வரை அணைத்து, செத்ததை எடுத்துவிட்டு, மற்ற மூன்றும் பழைய வரிசையிலேயே இருக்கின்றனவா என்று பார்த்தேன். பிறகு, இது உன்னுடைய டிஸ்க்தான் என்று சர்வரை ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். அந்த மெனுவில் தவறான வரியை அழுத்தினால் எல்லாப் படமும் அழிந்துவிடும். அண்ணன் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொன்றாக மூன்றும் பச்சைக்கு வந்தன. படங்களின் பெயர்கள் சர்வரின் திரையில் வரிசையாக வந்ததும் "வந்துருச்சு தம்பி" என்று என் தோளை இறுகப் பிடித்தார். நான் கொண்டுபோயிருந்த புது டிஸ்க்கைச் செருகினேன். அது நிரம்பும்வரை காட்சிகளை ரத்து செய்தார்கள். மறுநாள் எல்லாம் பழையபடி ஓடியது.

அந்த வாரமே மேனேஜர் அறையில் என்னை உட்கார வைத்து, துபாயிலிருந்து தியேட்டர் கம்பெனியின் பெரிய அதிகாரி வீடியோவில் விசாரித்தார். டிஸ்க் தானாகப் போனதா, யாராவது பிடுங்கினார்களா என்று கேட்டார். ஓடும்போதே கையால் பிடுங்கியிருக்கிறார்கள் என்றேன். யார் என்று அவர் கேட்கவில்லை. நானாகவே, ஆபரேட்டர் இல்லை, மேனேஜர் என்றேன். மேனேஜர் பக்கத்தில்தான் இருந்தார். போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. கையால் பிடுங்கியது உறுதியாகிவிட்டது, நன்றி என்று சொல்லி அதிகாரி இணைப்பைத் துண்டித்துவிட்டார். என் வாக்கியத்தில் பாதி மட்டும் துபாய் போய்ச் சேர்ந்தது.

அண்ணனுக்கு விசா கேன்சல். அவர்தான் பிடுங்கினார் என்பதை இன்ஜினியரே உறுதி செய்துவிட்டார் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ரூமில் பெட்டி கட்டிக்கொண்டே கேட்டார்.

"நான் புடுங்கலன்னு உனக்குத் தெரியும்ல?"

"மேனேஜர் முன்னாலேயே சொன்னேண்ணே. அவருதான்னு சொன்னேன்."

"சொல்லியிருந்தா என்னைய ஏன் அனுப்புறாங்க?"

அன்று அவர் சமைக்கவில்லை. நான் வாங்கி வந்த புரோட்டாவையும் தொடவில்லை. ஏர்போர்ட்டுக்கு நான் வருகிறேன் என்றதற்கு, வேண்டாம் என்று டாக்ஸி பிடித்துப் போனார்.

மேனேஜரைக் குற்றம் சொன்னதற்காக என் கம்பெனியில் எனக்கும் திட்டு விழுந்தது. ஆனாலும் அதே தியேட்டருக்குத்தான் அனுப்புகிறார்கள். மேனேஜர் எனக்குக் காப்பி வரவழைப்பார். ஊர் மழை பற்றிக் கேட்பார். காப்பியைக் குடித்துவிட்டு வருகிறேன்.

பிறகு அண்ணன் பக்கத்து நாட்டில், தம்மாமில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். வேலையாக அந்தப் பக்கம் போனபோது அவர் தங்கியிருந்த தொழிலாளர் கேம்புக்குப் போனேன். டீ போட்டுக் கொடுத்தார், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசினார். நான் மெதுவாக அந்தப் பேச்சை எடுத்தேன். நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"நீ சொல்லியிருப்ப தம்பி. அது எனக்குத் தெரியும். ஆனா உன் மேல கோவப்பட்டா உன்கிட்டயாவது வந்து கேக்கலாம். அவன் மேல கோவப்பட்டு நான் எங்க போய் கேக்குறது?"

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று கம்பளிக் கோட்டை எடுத்து மாட்டினார். வெளியே வெயில் கொளுத்தியது. பஸ் வரும் இடம்வரை கூடவே நடந்தேன். ஏறி உட்கார்ந்தவர் நான் நின்ற பக்கம் திரும்பவில்லை.