பாத்ரூமில் கேட்ட முதலாளி குரல்

கட்டுக்கதை என்று தள்ளிவிடாதீர்கள். போன மாசியில், வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் பட்டப்பகலில் நடந்தது. நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது.

முதலாளி மகுடேஸ்வரன் வீட்டில் வெற்றிலை மென்று காலாட்டிக்கொண்டே மொபைலில் கம்பெனியின் எல்லாக் கேமராவையும் பார்ப்பார். கர்ர்ரென்ற இரைச்சலோடு கேமரா வழியாகவே பேசுவார். அதட்ட மாட்டார். 'ஏனுங்க, மாராப்பு நழுவுதுங்க' என்று தேன் ஒழுகச் சொல்வார். தூ! அந்த மரியாதைக்கு நாலு கெட்ட வார்த்தையே தேவலை.

விருதுநகர்ப் பக்கமிருந்து வந்த அனுசுயாவுக்கு அங்கே செக்கிங் வேலை. வீட்டில் ஏழு மாதக் குழந்தை. மதியமானால் பால் கட்டி வலி உயிர் போகும். பீய்ச்சிவிட, கேமரா இல்லாத இடம் பாத்ரூம் ஒன்றுதான். தாழ் போட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சே வரும்.

அன்று மணி பன்னிரண்டே கால். சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

"திரும்பி நின்னா எப்படிங்க?"

அதே குரல். தலைக்கு மேலே...

சேலையை இழுத்து மூடிக் கதவைத் திறந்தாள். ஈ காக்கை இல்லை. பிரமைதான் என்று மறுபடி தாழ் போட்டாள்.

கர்ர்... கர்ர்...

"பயப்படாதீங்க கண்ணு. நான்தானுங்க."

இப்போது காதோரம்.

வெற்றிலை வாடை...

ஓடினாள்.

வெளியே மிஷின்கள் நின்றிருந்தன. மேனேஜர் கதிர்வேல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதலாளி விடிகாலையிலேயே போய்விட்டாராம், தகவல் இப்போதுதான் வந்ததாம். அவிநாசிபாளையத்து வீட்டில் ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறார்களாம். மாலை போட வேன் வருகிறது என்றார்.

அனுசுயா பக்கத்து டேபிள் செல்லத்தாயிடம் சொன்னாள். செல்லத்தாய் சிரிக்கவில்லை. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குப் போனாள். குரல் வந்த இடத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன். அதைப் பிடுங்கினாள். பின்னால் மிளகு அளவில் ஒரு கேமரா. ஃபேன் முழுக்க ஒட்டடை, அந்தக் கண்ணாடி மட்டும் துடைத்துவைத்தது போல் பளபளவென்று இருந்தது.

அனுசுயா அங்கேயே வாந்தி எடுத்தாள். வேலைக்குத் திரும்பி மூன்று மாதம். தினமும் இங்கேதான் நின்றிருக்கிறாள்.

வேனில் ஒருத்தியும் ஏறவில்லை. வயர்மேன் முனீஸைக் கூப்பிட்டார்கள். அவர் கேமராவைத் தன் மொபைலில் இணைத்துப் பார்த்தார்.

"இதுல பேச வழியே இல்லக்கா. படம் மட்டுந்தான் போகும். மூணு போனுக்குப் போகுது."

ஒன்று செத்தவருடையது. மற்ற இரண்டும் யாருடையவை என்று இன்றுவரை தெரியவில்லை. அந்த நிமிஷமும் இரண்டிலும் யாரோ பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.