முப்பத்தோராம் தேதி நட்ட கரும்பு

சர்க்கரை ஆலையின் உத்திரமேரூர் ஆபீஸில் நான் கம்ப்யூட்டரில் பதிவு போடும் ஆள். இரண்டாயிரத்துக்குப் பிறகான முதல் சில வருடங்கள், கம்ப்யூட்டர் வந்த புதிது. யார் எந்தத் தேதியில் கரும்பு நட்டார் என்று அடித்துக் கொடுத்தால், அது மாதத்தை இரண்டு பாதியாகப் பிரித்து வரிசை போடும். முந்திய பாதியில் நட்டவருக்கு மறு வருடம் முந்தி வெட்டு உத்தரவு. உத்தரவு இல்லாமல் ஒரு கழியைக்கூட ஆலை வாங்காது.

என் நைனா நட்டது ஜனவரி முப்பத்தொன்று. பக்கத்து நிலத்துக்காரர் இரண்டு நாள் முன்னால் நட்டிருந்தார். மறு வருடம் அவருக்கு உத்தரவு வந்து, வெட்டி, லாரியும் போய்விட்டது. நமக்கும் இன்றோ நாளையோ என்று, வெட்டுக்கு முன் எல்லோரும் செய்வதுபோல நைனா தண்ணீரை நிறுத்திவிட்டார். உத்தரவு வரவில்லை.

சந்தேகப்பட்டுத் தேடினேன். அவர் பெயர் பிப்ரவரி முதல் பாதியில் உட்கார்ந்திருந்தது. புரோகிராம் எழுதிய புண்ணியவானுக்கு அரை மாதம் என்றால் பதினைந்து நாள், அவ்வளவுதான். ஒன்று முதல் பதினைந்து ஒரு பாதி, பதினாறு முதல் முப்பது இன்னொன்று. முப்பத்தொன்றை அடுத்த மாதத்தில் தள்ளிவிட்டான். காலண்டரே மாட்டாத வீட்டில் பிறந்தானோ என்னவோ! பிப்ரவரியில் நட்டவர்கள் பாதித் தாலுக்கா. அந்த வரிசை இப்போதைக்கு நகராது.

மேனேஜரிடம் போனேன். "பதினாறுலேர்ந்து மாசக் கடைசி வரைக்கும்னு மாத்தணும் சார். சின்ன வேலைதான்."

"நீ சொல்றது சரிதாம்பா. சீசன் நடுவுல கை வெச்சா மொத்த வரிசையும் கலைஞ்சிடும். உங்கப்பாவுக்கு மட்டும் மாத்தினா ஊரே வந்து பேஜார் பண்ணும். அடுத்த சீசன்ல பாக்கலாம்."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

மறுபடி பாய்ச்சலாம் என்றால் கிணறு வற்றிக்கொண்டிருந்தது. தினமும் நான் வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே நைனா கேட்பார், "இன்னாடா, ஆர்டர் வந்துச்சா?" இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வீட்டுக்குப் போகவே பிடிக்காமல் போயிற்று. கரும்பு சாறு வற்றி உள்ளே பஞ்சு வைத்தது. கடைசியில் உத்தரவு வந்து ஆட்கள் இறங்கியபோது, ஒருவர் ஒரு கழியை ஒடித்துப் பார்த்தார்.

"சக்கையா கீது பெரியவரே. இத்த வெட்டி இன்னா பண்றது?"

அவர்கள் கத்திகளைச் சாக்கில் சுருட்டிக்கொண்டு போனார்கள். நைனாவே நெருப்பு வைத்தார். நான் கூட நின்றேன். அழுகை வந்தது, புகை என்று சொல்லிக்கொண்டேன்.

அடுத்த சீசனில் புரோகிராமைத் திருத்தினார்கள். வீட்டுக்கு வந்து சொன்னேன். அதற்குள் நைனா கரும்பை விட்டுவிட்டு அந்த நிலத்தில் சவுக்கு வைத்திருந்தார்.

"பதிவுக்கு வந்த பீல்டுமேன் அன்னிக்கே கேட்டாரு, முப்பதுன்னு போட்டுக்கட்டுமா, ரவுண்டா இருக்கும்னு. நான்தான் வாணாம், நட்ட தேதியவே போடுன்னேன்" என்றார். பிறகு அவரே கேட்டார்:

"முப்பதுன்னே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"ஆமா நைனா" என்றேன்.