இரண்டாம் பந்தி

பஸ் டிப்போவில் பதினேழு வருடமாக நேரம் எழுதுகிறவள் அவள். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எது எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதி எழுதியே விரல் காய்த்துவிட்டது. ஒருமுறை நான்கு நிமிடத் தாமதத்துக்கு ஒரு டிரைவர் மேல் புகார் எழுதினாள். பிறகு அவரையே கட்டிக்கொண்டாள். புகார் எழுதின கைக்கே மோதிரம் போட்டவன் நான் ஒருத்தன்தான் என்று அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அந்த மனிதருக்குத்தான் ஈரலில் புற்று. மிஞ்சிப்போனால் மூன்று மாதம் என்றார் டாக்டர். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்பதற்கு மேல் இருவருக்கும் எதுவும் தெரியாது. "நானே சொல்றேன். படுத்துக்கிட்டுச் சொல்ல மாட்டேன். ஒரு மேஜையில நிமிர்ந்து உட்கார்ந்து சொல்றேன்" என்றார் அவர். எட்டு மாதமாகக் கட்டிலிலேயே சாப்பிடுகிறவருக்கு அது ஒன்றுதான் ஆசை. அதற்காகத்தான் இந்த ஏழு நாள் கப்பல் பயணம்.

கப்பலில் ராச்சாப்பாடு இரண்டு பந்தி. முதல் பந்தி ஆறு மணிக்கு, இரண்டாவது எட்டரைக்கு. எது வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே குறிக்க வேண்டும். பிள்ளைகுட்டிக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஆறு மணியைத்தான் குறிப்பார்கள். பந்திக்கு முந்து என்று சும்மாவா சொன்னார்கள்? இவள் எட்டரையைக் குறித்தாள். வலி மாத்திரையின் மயக்கம் கலைந்து அவர் தலை தெளிய எட்டு மணி ஆகும். பத்து மணிக்கு மறுபடி வலி பிடித்துவிடும். நடுவில் இருக்கிற இரண்டு மணி நேரம்தான் அவர் பழைய ஆளாக இருப்பார். பிள்ளைகளை ஒரு மாதம் மதியம் தூங்கவைத்து, எட்டரைக்குச் சாப்பிடப் பழக்கினாள். குளிர்பெட்டிக் கதவில் அதற்கும் ஓர் அட்டவணை ஒட்டினாள். புதுப் பேருந்தை வெள்ளோட்டம் விட்ட மாதிரிதான்.

முதல் நாள் எல்லாம் அவள் போட்ட கணக்குப்படியே நடந்தது. சக்கர நாற்காலியிலிருந்து இறங்கி, மேஜையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்தார். மகனுக்கு மீனில் முள் எடுத்துக் கொடுத்தார். பரிமாறுகிறவரையும் சிரிக்கவைத்தார். ஆனால் விஷயத்தைச் சொல்லவில்லை. "இன்னிக்கு ஒரு நாள் சந்தோஷமா சாப்பிடட்டுமே" என்று அவள் காதோடு சொன்னார். அவளும் சரி என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: கப்பல் மேற்கே போவதால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வையுங்கள். அதற்கடுத்த நாளும் அதையே சொன்னார்கள். பதினேழு வருடம் நேரத்தோடு குடித்தனம் நடத்தியவளுக்கு, நேரமே இடம் மாறும் என்று தோன்றவில்லை. டிப்போ கடிகாரத்தை யார் பின்னால் வைத்தார்கள்? மூன்றாம் நாள் இரவு கப்பல் எட்டரை அடித்தபோது அவர் உடம்புக்குப் பத்தரை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகன் தட்டிலேயே தலை சாய்ந்து தூங்கிவிட்டான்.

இப்போது கப்பலின் ஆறு மணிதான் அவருடைய எட்டு மணி; மாத்திரையைத் தள்ளிப் போட்டால் வலி விடாது. ஊரோடு ஒத்துப் போயிருந்தால் மேஜை கையில் இருந்திருக்கும். கெட்டிக்காரத்தனம் பண்ணப்போய்க் கெட்டாள். உணவுக்கூட மேற்பார்வையாளர் முதல் பந்தி நிறைந்துவிட்டது என்று கையை விரித்தார். மேல்தட்டில் அவரவரே எடுத்துச் சாப்பிடுகிற கூடம் ஒன்று இருந்தது. அங்கே நெரிசலும் இரைச்சலும். கணவர் அது வேண்டாம் என்றார். நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் மேற்பார்வையாளர் முன்னால் போய் நின்றாள். புகார் எழுதியே பழகினவள் முதன்முறையாகக் கெஞ்சினாள்.

ஆறாம் நாள் ஏதோ ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு குடும்பம் வரவில்லை. ஆறு மணி மேஜை கிடைத்தது. அடுத்தவர் குழந்தைக்குக் காய்ச்சல் என்றதும் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். அதை நினைத்து வெட்கப்படக்கூட நேரமில்லை.

அவர் தெளிவாக இருந்தார். சூப் வந்தது, போனது. பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டார்கள். மகள் நீச்சல் குளத்துக் கதையைச் சொன்னாள், அவர் சிரித்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐஸ்கிரீமும் வந்துவிட்டது. அவர் அவள் பக்கம் குனிந்தார்.

"நேரமெல்லாம் நீ சரியாத்தான் போட்ட. எனக்குத்தான் வாய் வரல. முதல் நாளே வரல. ஊருக்குப் போய் நீயே சொல்லிடு."

அவளுக்குக் கோபம் வந்தது. சாகப்போகிற மனிதர் மேல் இப்படி ஒரு கோபம் வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. ஊருக்குப் போய் என்றால், இவர் போன பிறகு என்றுதான் அர்த்தம். அன்றைக்கு அதைச் சொல்லும்போது அவளுக்குப் பக்கத்தில் யார் இருப்பார்கள்? மணியைப் பார்த்தாள். அவர் தெளிவாக இருக்க இன்னும் அரை மணி இருந்தது.

"ரெண்டு பேரும் கரண்டியைக் கீழ வைங்க" என்றாள்.

சுற்றி வளைக்காமல் சொன்னாள். டாக்டர் சொன்ன மூன்று மாதத்தையும், அதில் ஒன்று போய்விட்டதையும் சொன்னாள். மகள் தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். மகன் மட்டும் அம்மாவை நம்பாமல் அப்பாவிடம் திரும்பினான்.

"அப்படியாப்பா?"

அவர் அவன் வாயோரத்து ஐஸ்கிரீமைத் துடைத்துவிட்டார்.

"ஆமாடா" என்றார்.