என் பேரில் அண்ணன் வாங்கிய எஞ்சின்

பொன்னேரி வங்கியில் மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "உங்களுக்கு லோன் கிடைக்காதும்மா" என்றார். நான் கேட்டது ஒரு பழைய லோடு ஆட்டோ வாங்கத்தான். கோட்டைக்குப்பத்தில் நாங்கள் பிடிக்கும் இறாலை வியாபாரி வைத்த விலைக்குத் தள்ளிவிட்டு வருவது எனக்கு அலுத்துப்போயிருந்தது. சொந்த வண்டி இருந்தால் பொன்னேரி மார்க்கெட்டுக்கே கொண்டுபோய் விற்கலாம். வண்டியை விற்பவர் அந்த வாரம் வரைதான் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்.

"நான் யாருக்கும் பாக்கி இல்லியே சார்."

"எட்டு வருஷத்துக்கு முந்தி உங்க பேர்ல படகு எஞ்சினுக்கு லோன் எடுத்திருக்கு. நாலு தவணையோட நின்னுபோச்சு. வராத கடன்னு தள்ளி வெச்சுட்டாங்க, ஆனா தீரலை. அதுலதான் உங்க கிரெடிட் ஸ்கோர் அடிபட்டுப்போச்சு. இப்ப முழுசா கட்டினாலும் உடனே ஏறாது."

அந்தக் கடன் அடைந்துவிட்டது என்று ஊரே ஒப்புக்கொண்டிருந்தது.

எஞ்சின் என் அண்ணனுக்கு. நான் மகளிர் குழுவில் இருந்ததால் என் பேருக்குச் சீக்கிரம் கிடைக்கும் என்றான், கையெழுத்துப் போட்டேன். கூடப்பிறந்தவனிடம் பத்திரமா எழுதி வாங்குவார்கள்? அவன் கட்டாமல் விட்டு, வங்கி ஆள் என்னைத் தேடி வந்தபோது விஷயம் ஊர்க்கூட்டத்துக்குப் போனது. எங்கள் ஊரில் வழக்கு முற்றினால் அம்மன் கோயிலுக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அணைத்தபிறகு யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. "தங்கச்சி பேர்ல இருந்த கடன முச்சூடும் கட்டிட்டேன்" என்று சொல்லி அண்ணன் அணைத்தான். ரசீது எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் அம்மனையே சந்தேகப்பட்ட மாதிரி. என் வீட்டுக்காரர் மட்டும், "எதுக்கும் ஒரு தபா பேங்க்ல போய் கேட்டுட்டு வந்துடு" என்றார். அவரை ஒரு வாரம் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அதற்கப்புறம் வங்கி ஆளும் வரவில்லையா, என் அண்ணன் தங்கமானவன் என்று அவரிடம் சொல்லிச் சொல்லிக் காட்டினேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். வலையில் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தான்.

"எஞ்சின் கடன நீ கட்டவே இல்லியாமே?"

அவன் தலை நிமிரவில்லை. "அது எப்பவோ முடிஞ்ச கத பாப்பா. பேங்க்காரனே வுட்டுட்டான். இப்ப இன்னா அதுக்கு?"

"அம்மன் முன்னாடி சத்தியம் பண்ணியே."

"அன்னிக்கு ஊர்ல நான் தலை காட்டணுமா இல்லியா? வேற இன்னா பண்ண சொல்ற?"

ஆட்டோ விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் கொஞ்சம் வாடியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். பாவி, எனக்கு யோசனை சொன்னான்.

"வண்டிய என் பேர்ல எடுத்துக்கலாம். போன மாசம்தான் எனக்குப் புது ஃபைபர் படகுக்கு லோன் குடுத்தாங்க. என் பேர்ல ஒரு குத்தம் கிடையாதுன்னு சொன்னாங்க. மாசாமாசம் நீ பணத்த என் கையில குடுத்துடு, நான் கட்டிடறேன்."

எழுந்து வந்துவிட்டேன். ஆட்டோ வேறு யாருக்கோ போனது. முன்பணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்ததை அவனுடைய எஞ்சினுக்குக் கட்டினேன், மீதியை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன். அண்ணன் வீட்டு வாசலை நான் மிதிப்பதில்லை. பொய் சொன்னதைக்கூட என்றாவது மறந்துவிடுவேன். இன்னொரு முறையும் இவள் நம்புவாள் என்று நினைத்தானே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.