கரடிக்கு யார் உடம்பு

உசிலம்பட்டியில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விளம்பரப் படம் செய்வது என் வேலை. பதினாறு வருசமாகச் செய்கிறேன். படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. எனக்கு வரையத் தெரியாது. வெட்டத் தெரியும், ஒட்டத் தெரியும்.

கொஞ்ச வருசமாகக் கடைக்காரர்கள் எல்லாரும் கார்ட்டூன் கேட்கிறார்கள். டிவியில் வருகிற பொம்மை. அதைப் பார்த்துப் பிள்ளை நிற்குமாம். பிள்ளை நின்றால் அப்பன் நிற்பானாம். கறிக்கோழிக் கடைக்குச் சிரிக்கிற கோழிக்குஞ்சு கேட்டார்கள். போட்டேன். பாத்திரம் விளக்கும் பவுடருக்குக் குதிக்கிற முயல் கேட்டார்கள். போட்டேன். பிணவண்டி விடுகிறவர் ஒருத்தர் இறக்கை வைத்த நாய்க்குட்டி கேட்டார். அதை மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுப் போட்டேன்.

மாட்டுத் தீவனத்துக்கு ஒருத்தர் கரடி கேட்டார். அதைத்தான் எழுதுகிறேன்.

பத்து வருசம் லாரி ஓட்டியவர். அதை விட்டுவிட்டு, பருத்திக்கொட்டை, தவிடு, மக்காச்சோளம் எல்லாம் அரைத்துக் கலந்து சொந்தமாகத் தீவன மூட்டை போட இறங்கினார்.

"சாக்குல கரடி வேணும் தம்பி. மத்தியானம் டிவியில வருதுல்ல, குண்டா. அது."

"மாடு போடுங்கண்ணே."

"எல்லாவனும் மாடுதான் போட்டிருக்கான். வரிசையா அடுக்கினா எது எவன் மூட்டைன்னு தெரியல."

"மாடு டிவி பாக்குமாண்ணே?"

"மாட்டுக்காரன் பிள்ளை பாக்கும்ல. கரடி மூட்டைதான் வேணும்னு அது அழுகும்."

கரடியை எடுத்தேன்.

கரடியின் பேரை எழுத மாட்டேன். அது வேறு எவருடைய சொத்தோ. அப்படியே போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும், மூன்று இடத்தில் மாற்றிவிட்டால் அது வேற கரடி என்று எங்கள் முதலாளி சொல்லிவைத்திருக்கிறார். அது சட்டத்தில் உள்ளதா, அவர் சொந்தமாகச் சொன்னதா, தெரியாது. காதைச் சின்னதாக்கினேன். மீசை வைத்தேன். மூன்றாவதாக உடம்பு பாக்கி.

"வேட்டி சட்டை போட்டுரு. கும்பிட்டாப்ல நிக்கட்டும். நம்ம பக்கம் கும்பிடாம நிக்கிறவன்கிட்ட எவன் வாங்குவான்?" என்றார் தீவனக்காரர்.

வேட்டி சட்டைக்கு நான் எங்கேயும் தேட வேண்டாம். எல்லா ஃப்ளெக்ஸ் கடையிலும் 'கும்பிடு' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். போர்டில் பேரும் படமும் வருகிற ஆட்கள் பாதிப் பேர் பாஸ்போர்ட் சைஸ் போட்டோதான் தருவார்கள். சிலர் கைலியோடு எடுத்ததைத் தருவார்கள். போர்டில் எல்லாரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் கும்பிட்டு நிற்க வேண்டும். அதனால் தலையை வெட்டி, கும்பிடுகிற இன்னொரு உடம்பின் மேல் வைத்துவிடுவேன். இத்தனை வருசத்தில் ஒருத்தர்கூட இது என் கை இல்லையே என்று கேட்டதில்லை. போர்டில் எல்லாரும் தலையைத்தான் பார்ப்பார்கள். யார் தலை பெரிசு, யார் தலை சிறுசு, அவ்வளவுதான்.

எங்கள் ஃபோல்டரில் நான்காம் நம்பர் உடம்பு நல்ல உடம்பு. நேராக நிற்கும். சட்டையில் கசங்கல் இல்லை. நீலத் துணிக்கு முன்னால் நிறுத்தி நாங்களே எடுத்தது, பிசிறு இல்லாமல் வெட்ட வரும். யார் உடம்பு என்று எனக்கு மறந்துபோயிருந்தது. அதன் மேல் கரடித் தலையை வைத்தேன். பொருந்திவிட்டது.

அதே படத்தைக் கடை திறப்பு விழாப் போர்டிலும் போட்டேன். நடுவில் கரடி. வலது பக்கம் தீவனக்காரருடைய மச்சான், அவர் மனைவியின் அண்ணன். இடது பக்கம் தீவனக்காரர். கீழே சொந்தபந்தம்.

மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெயின் ரோட்டு மேல் இருக்கிற குடோன் அவருடையது. தீவனக்காரருக்கு அதை வாயால்தான் கொடுத்திருந்தார். எழுத்து ஏதும் இல்லை. சாவி அவர் இடுப்பில். கடை திறக்கிற அன்றைக்குத் தருவதாகப் பேச்சு. பத்திரிகையில் தன் பேரை இரண்டாவதாகப் போட்டார்கள் என்று ஒரு கல்யாணத்தில் கை நனைக்காமல் திரும்பி வந்த மனுசன். அவர் முகம் கோணினால் குடோன் இல்லை. குடோன் இல்லையென்றால் கடை இல்லை. விட்டுவிட்டு வந்த லாரியில் அதற்குள் வேறு ஆள் ஏறிவிட்டான். இதெல்லாம் தீவனக்காரர் டீ குடித்துக்கொண்டே என்னிடம் சொன்னது.

போர்டுப் படத்தைப் போனில் பார்த்துவிட்டு, மச்சான் தீவனக்காரரைக் கூட்டிக்கொண்டு எங்கள் கடைக்கே வந்துவிட்டார். நின்றபடியே கேட்டார்.

"மாப்ள, இந்தக் கரடி உனக்கு என்ன முறை?"

"முறையெல்லாம் ஒண்ணுமில்ல மச்சான்."

"பெறகு எதுக்கு என் தலையவிட அது தலை பெருசா இருக்கு?"

தீவனக்காரர் என்னைப் பார்த்தார். கரடித் தலையைச் சுருக்கினேன். மச்சான் தலையை இழுத்துப் பெரிதாக்கினேன். போதும் என்று அவர் சொல்லவில்லை. திரும்பி நடந்தார், அதனால் போதும் என்று எடுத்துக்கொண்டேன். அதற்கு முன் படத்தைக் கால் மணி நேரம் பார்த்திருந்தார். தலைகளை மட்டும்தான் பார்த்தார்.

சாக்கு மதுரையில் அச்சாகி புதன்கிழமை வந்தது. குடோனைத் திறந்துவிட்டு மச்சான் சாவியை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டு போனார். இருநூறு மூட்டை நிரப்பி, கரடி வெளியே தெரிய அடுக்கினார்கள். வெள்ளிக்கிழமை திறப்பு.

வியாழக்கிழமை காலையில் தீவனக்காரரும் அவர் மனைவியும் எங்கள் கடைக்கு வந்தார்கள். அந்தம்மா காலிச் சாக்கு ஒன்றை மேசை மேல் விரித்தார்.

"தம்பி, கரடிக்கு யார் உடம்பு?"

"ஃபைல்ல இருந்ததுக்கா."

"இது எங்கண்ணன் கை."

பார்த்தேன். இடது சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. சாக்கில் கரடி பெரிசாக இருந்ததால் விரலும் பெரிசாக இருந்தது.

"எல்லார் கையும் ஒண்ணுபோலத்தான்க்கா இருக்கும்."

"மோட்டார் பெல்ட்டுல கைய விட்டிருந்தாரு. தெரியாம சுச்சப் போட்டது நான். அந்த விரல எனக்குத் தெரியாதா?"

ஃபோல்டரைத் திறந்து பழைய ஃபைலைத் தேடினேன். அவர்கள் மகள் காதுகுத்துக்குத் தாய்மாமன் என்று அவரை நிறுத்தி எடுத்த போட்டோ. நான்காம் நம்பர் அதுதான்.

தீவனக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அவருக்குத் தெரிஞ்சா பூட்டிட்டுப் போயிருவாரு. என் கைய எடுத்துட்டான்னு சொல்ல மாட்டாரு, என்னயவே கரடியாக்கிட்டான்னு ஊரக் கூட்டிருவாரு."

"மூட்டையத் திருப்பி அடுக்குவோம்ணே."

"பின்பக்கமும் கரடிதான தம்பி போட்ட."

ஆமாம். ரெண்டு பக்கமும் போடச் சொன்னது அவர்தான். அதை இப்போது சொல்லிப் பயனில்லை.

செவ்வந்தி மாலைப் படம் ஒன்றைப் பேப்பரில் அச்சடித்தேன், முன்வரிசைக்கு மட்டும் நாற்பது. கரடிக்கு மாலை போட்டதுபோல ஒட்டினால் கை மறைந்துவிடும். முதலில் ஸ்டிக்கராகப் போட்டுப் பார்த்திருந்தோம், தவிட்டுத் தூசியில் நிற்கவில்லை. அதனால்தான் பேப்பர். அந்தம்மா வீட்டுக்குப் போய் ஒரு குண்டான் நிறைய மைதா பசை காய்ச்சிக்கொண்டு வந்தார். பொழுது சாயும்வரை குடோனில் மூன்று பேரும் கரடிகளுக்கு மாலை போட்டோம். பசை கெட்டியாகப் பிடித்தது. பார்க்கவும் நன்றாக இருந்தது.

ஒன்றை மட்டும் நாங்கள் மூன்று பேரும் நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நல்ல கூட்டம். குத்துவிளக்கு ஏற்றினார்கள். ரிப்பன் வெட்டியது மச்சான். வெட்டிவிட்டு மூட்டை வரிசைக்கு முன்னால் நின்று, வருகிறவர்களுக்குக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். சாவி இன்னும் இடுப்பில்தான். முதல் தீவனத்தை ஒரு பசுவுக்குக் கொடுத்து ஆரம்பிக்க வேண்டும். கொம்பில் பூச் சுற்றி, நெற்றியில் மஞ்சள் வைத்து ஒரு பசுவை உள்ளே பிடித்து வந்தார்கள். தாம்பாளத்தில் தீவனத்தை நீட்டினார் தீவனக்காரர்.

பசு மோந்து பார்த்தது. தலையைத் திருப்பிக்கொண்டது. நேராக மூட்டைக்குப் போய் முதல் கரடியின் மாலையை நக்கியது.

மைதா பசை. ஊரில் ஒட்டுகிற போஸ்டர் எல்லாம் எங்கே போகிறது என்று எங்களுக்குத் தெரியாதா என்ன. தெரியும். ஆனால் அந்த நேரத்தில் தோன்றவில்லை. பசு பேப்பரைக் கடித்து இழுத்தது. மாலை முழுசாக வந்தது. அதை மென்றுகொண்டே அடுத்த கரடிக்குப் போனது. அதை ஒருத்தரும் தடுக்கவில்லை. பூசைக்கு வந்த மாட்டை எப்படி அடிப்பது?

நான்கு மாலை போயிருந்தது. மச்சான் கும்பிட்ட கையோடு நின்றார். அவர் தோளுக்குப் பக்கத்தில் நான்கு கரடிகள் கும்பிட்டு நின்றன. ஐந்து கும்பிடு, ஐந்து வளைந்த சுண்டுவிரல். கூட்டத்தில் ஒருத்தர் அங்கேயும் இங்கேயும் பார்த்தார். பிறகு எல்லாரும் பார்த்தார்கள். கடைசியில் மச்சான் திரும்பிப் பார்த்தார். தன் கையை இறக்கிப் பார்த்தார். மறுபடி கரடியைப் பார்த்தார்.

"யாரு இதச் செஞ்சது?"

தீவனக்காரர் வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன். "நான்தாங்கய்யா. உங்க உடம்பு நல்லா வெட்ட வந்துச்சு. செய்யும்போது இந்த அண்ணனுக்குத் தெரியாது."

"கரடிக்கு மட்டுமா வச்ச?"

பொய் சொல்லலாம். எனக்குச் சட்டென்று வராது. "இல்லங்கய்யா. இதுக்கு முன்ன பதினோரு பேருக்கு வச்சிருக்கேன்."

"யார் யாரு?"

ஞாபகம் இருந்தவரை சொன்னேன். எலெக்சனில் நின்ற ஒருத்தர். ஒரு ஜவுளிக்கடைக்காரர். கண்ணீர் அஞ்சலி போர்டில் செத்துப்போன ஒருத்தர். பிறகு மச்சானுடைய பங்காளி பேரைச் சொன்னேன். சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் வரப்புத் தகராறில் ஆறு வருசமாகப் பேச்சு இல்லை என்று நினைவு வந்தது.

"அவனுக்குமா?"

"ஆமாங்கய்யா."

"எதுக்கு?"

"அவரு மகன் கல்யாணத்துக்கு. மண்டப வாசல்ல வச்ச போர்டு."

"அந்தக் கல்யாணத்துக்கு நான் போகவே இல்லையே."

"நீங்க போகல. கை வாசல்ல நின்னுச்சு."

மச்சான் தன் கையை வேட்டியில் துடைத்தார்.

"வர்றவன் போறவன் எல்லாரையும் கும்பிட்டுச்சா?"

"மூணு நாள் போர்டு இருந்துச்சுங்கய்யா."

தங்கச்சி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் இடுப்பிலிருந்து சாவியை உருவினார். பூட்டப் போகிறார் என்று நினைத்தேன். தீவனக்காரரும் அப்படித்தான் நினைத்திருப்பார், தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டார்.

சாவியைத் தாம்பாளத்தில் போட்டார்.

"கரடி இருக்கட்டும் மாப்ள. பகைக்காரன் வாசல்லயே நின்ன கை, நம்ம கடையில நின்னா என்ன? அது நம்ம கரடி." என்னிடம் திரும்பினார். "இனி எந்தப் பயலுக்கும் என் கையக் குடுக்கக் கூடாது. அந்த விரல மட்டும் அடுத்த சாக்குல நேராக்கிரு."

நேராக்கினேன். கம்ப்யூட்டரில் அது சின்ன வேலைதான். பெல்ட் நசுக்கிய விரல் ஒரு நிமிசத்தில் நிமிர்ந்துவிட்டது.

தீவனம் ஓடியது. கரடிக்காக ஒரு பிள்ளையும் அழுததாகத் தெரியவில்லை. ஆனால் திறப்பு விழாக் கதை சந்தைவரைக்கும் போயிருந்தது. மாட்டுக்காரர்கள் மூட்டையில் வளைந்த விரலைத் தேடிப் பார்த்து வாங்கினார்கள். இரண்டு மாதம் கழித்து நேர்விரல் சாக்கு வந்து இறங்கியது. அன்றைக்கே பிரச்சினை. நான் அங்கேதான் இருந்தேன். ஒரு பெரியவர் கரடியின் கையில் தன் விரலை வைத்துப் பார்த்துவிட்டு மூட்டையைத் திருப்பித் தள்ளினார்.

"இது டூப்ளிகேட்டு. ஒரிஜினல்ல விரல் வளைஞ்சிருக்கும்."

"கம்பெனியே இதுதான் பெரியப்பா. எங்க சாக்குத்தான்," என்றார் தீவனக்காரர்.

"என்னமோ சொல்லு. எம் மாடு இதத் திங்காது."

அந்த வாரம் முழுக்க மூட்டை நகரவில்லை. பழைய சாக்கு மிச்சம் இருந்த இருபது மட்டும் போனது.

சனிக்கிழமை மச்சான் எங்கள் கடைக்குத் தனியாக வந்தார். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். இடது கையை மேசை மேல் வைத்தார்.

"வளைச்சிரு," என்றார்.

பழைய ஃபைல் இருந்தது. அதைத் திறந்தேன். சரிதானா என்று படத்தையும் கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இந்தத் தடவை தலையை அவர் பார்க்கவே இல்லை.