அரைஞாணிலிருந்து குதிகால் வரை

மனிதனுக்குக் கால் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று அதுவரை என்னை யாரும் கேட்டதில்லை. கேட்டவர் சென்னைப்பட்டணத்துச் சைக்கிள் கடைக்காரர். ஒரு தபால் அட்டையில், கால் நீளத்தை எழுதி அனுப்பினால் அதற்கேற்ற உயரத்தில் வண்டி வரும் என்று எழுதியிருந்தார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் எழுதத்தான் எனக்குத் தெரியவில்லை.

நான் அப்போது பாளையங்கோட்டையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. எங்கள் தெருவில் கால்சட்டை போட்ட ஆள் ஒருவர்கூடக் கிடையாது. வக்கீல்களுக்குக் கறுப்புக் கோட்டு தைக்கும் தையற்காரரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. வேட்டி முடிச்சை விலக்கி, அரைஞாண் கயிற்றில் நாடாவின் ஒரு முனையை வைத்து, மறுமுனையைக் குதிகால்வரை இழுத்துப் பிடித்தார். அரைஞாணுக்கு மேலே இருப்பது உடம்பு, கீழே இருப்பது கால். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? எனக்கும் இருக்கவில்லை. அந்த அளவையே எழுதி அனுப்பினேன்.

சைக்கிள்மேல் எனக்கு ஆசை ஒன்றும் இல்லை. என் மனைவி தலைப்பிரசவத்துக்காகச் சீவலப்பேரிக்குத் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். அவளுடைய அக்காள் அதே வீட்டில் தலைப்பிரசவத்தில், குழந்தை வயிற்றில் இருக்கும்போதே இறந்துபோனவள். எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால் நடந்தது. நான் அந்த மதினியைப் பார்த்ததே இல்லை. வளைகாப்பு முடிந்து வண்டியில் ஏறும்போது என் மனைவி அழவில்லை. "ஞாயித்துக்கிழமை தவறாம வாங்க. வலி எடுத்துட்டுன்னா சொல்லி அனுப்புவேன், உடனே வந்துருங்க" என்று மட்டும் சொன்னாள். வக்கீலோ ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாளில் விடமாட்டார். மாட்டு வண்டியில் போனால் போய்ச் சேருவதற்குள் திரும்ப வேண்டிய நேரம் வந்துவிடும். அவளுக்குக் கொடுத்த வாக்குக்காகத்தான் சைக்கிள்.

வந்தது. ரயிலடியிலிருந்து பார வண்டியில் கொண்டுவந்து இறக்கி, சாக்கைப் பிரித்தபோது தெருவே கூடிவிட்டது. குறுக்குக் கம்பி என் தொப்புளுக்கு இருந்தது. சீட்டை அடிவரை இறக்கியும் பெடல் கீழே போகும்போது கால் பெருவிரல் மட்டும் தொட்டது. இரண்டு பக்கமும் கால் போட்டு நிற்க முயன்றால் நிற்கவே முடியாது; வேட்டியோடு கம்பியில் தொங்கத்தான் முடியும். கடைக்காரர் தவறாக அனுப்பிவிட்டாரா, நான்தான் தவறாக எழுதினேனா என்று எனக்குப் புரியவில்லை. துரைமார் எல்லாரும் நெட்டையர்கள், அவர்கள் செய்யும் வண்டியும் அப்படித்தான் இருக்கும் என்றார் தையற்காரர். ஓட்ட ஓட்டக் கால் நீளும் என்றுகூட ஒருவர் சொன்னார். அவர் கேலி செய்தாரா நிஜமாகவே சொன்னாரா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

போதாக்குறைக்குக் கொல்லர் வந்தார். சுத்தியலால் கம்பியைத் தட்டிப் பார்த்தார். ஒவ்வொரு இடமாகக் காதை வைத்துக் கேட்டார். முகம் மாறிவிட்டது.

"இதுக்குள்ள ஒண்ணுமே இல்லியே அண்ணாச்சி. வெறும் குழாய்லா. உங்கள நல்லா ஏமாத்திப்புட்டானுவ."

வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை அடிப்பவர். இரும்பு என்றால் உள்ளும் புறமும் இரும்பாக இருக்க வேண்டும் அவருக்கு. உள்ளே ஆற்று மணலைக் கொட்டி அடைத்துவிடலாம், இல்லாவிட்டால் வைரம் பாய்ந்த பனஞ்சிறாயைச் செருகிவிடலாம் என்றார். பக்கத்து வீட்டுக்காரர் மூங்கிலும் வெறும் குழாய்தானே, முறியவா செய்கிறது என்று கேட்டார். மூங்கிலுக்குக் கணு இருக்கிறது, இதற்குக் கணு எங்கே என்று கொல்லர் திருப்பிக் கேட்டார். இருவர் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது. மணலுக்கு நான் சம்மதிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து சைக்கிள் எங்கே கிறீச்சிட்டாலும், இதோ முறியப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொள்வேன்.

பின்சக்கர அச்சின் ஓரத்தில் ஒரு சிறிய இரும்புக் கட்டை நீட்டிக்கொண்டிருந்தது. அது எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. தூக்குச்சட்டி மாட்டுவதற்கு என்று கொல்லர் தீர்ப்புச் சொன்னார். நானும் அதில் தண்ணீர்ச் செம்பைக் கட்டித் தொங்கவிட்டேன். அதில் கால் வைத்துத்தான் சைக்கிளில் ஏறவும் இறங்கவும் வேண்டும் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

ஆக, ஓட்டுவதைக் கற்றுக்கொண்டேன், இறங்குவதைக் கற்றுக்கொள்ளவில்லை. ஏறுவதற்கு வக்கீல் வீட்டுச் சுற்றுச்சுவர் இருந்தது. சைக்கிளைச் சுவரில் சாய்த்து, சுவர்மேல் ஏறி, அங்கிருந்து சீட்டில் உட்கார்ந்து ஒரு தள்ளுத் தள்ளினால் போய்விடும். நிறுத்த வேண்டும் என்றால் விழுந்தாக வேண்டும். முதல் ஞாயிறு சீவலப்பேரிப் பாதையில் தாகம் தாங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து உடைமரத்துக்குள் விழுந்தேன். முள் எடுத்து முடிவதற்குள், இனி ஜென்மத்துக்கும் இந்தச் சனியனைத் தொடுவதில்லை என்று சபதம் செய்தேன். ஆனால் எதைப் பிடித்து மறுபடி ஏறுவது என்று சுற்றிலும் பார்த்தபோதுதான் சுமைதாங்கி கண்ணில் பட்டது.

நம் பக்கத்துச் சாலைகளில் எல்லாம் இருப்பதுதான். இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு பலகைக்கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு தனியாக வருகிறவர்கள் பிறர் உதவி இல்லாமல் சுமையை அதன்மேல் நகர்த்தி வைத்து இளைப்பாறலாம். வயிற்றுச் சுமையை இறக்காமலே செத்துப்போன பெண்களுக்காக அவர்கள் வீட்டார் நட்டு வைப்பது. எனக்கு அன்று இதெல்லாம் நினைவில்லை. பலகைக்கல் சரியான உயரத்தில் இருந்தது, அவ்வளவுதான். சைக்கிளை ஓட்டி வந்து, கையை நீட்டி அதைப் பிடித்தால் வண்டி நின்றுவிடும். சீட்டிலிருந்து அதன்மேல் நகர்ந்து உட்கார்ந்துவிடலாம். திரும்ப ஏறுவதும் அப்படியே. சைக்கிள் செய்தவர் மறந்துபோனதை நம் ஊரில் யாரோ சாலையோரம் நட்டு வைத்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன்.

அதன்பிறகு பாதையில் எங்கெங்கே சுமைதாங்கி இருக்கிறதோ அங்கேதான் எனக்குத் தாகம் எடுக்கும். கடைசிச் சுமைதாங்கி சீவலப்பேரிக்குச் சற்று முன்னால், வயல் தொடங்கும் இடத்தில் இருந்தது. அதில் இறங்கி, மிச்ச தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தே மாமியார் வீட்டுக்குப் போவேன். இரண்டாவது ஞாயிறு என் மனைவி கேட்டாள்: "எங்கன இறங்குனீங்க?"

ஊருக்கு வெளியே கல்லில் என்றேன். அது அக்காவுக்கு நட்ட கல் என்றாள். அக்காள் உயரத்துக்கே வைக்க வேண்டும் என்று மாமியார் பிடிவாதமாக இருந்தாளாம். தாயும் மகளும் ஒரே உயரம் என்பதால் கல்தச்சர் மாமியாரையே நிறுத்தி, தோளுக்கு நேராக அளவு எடுத்தாராம். சொல்லிவிட்டு மோர் எடுத்துவர உள்ளே போய்விட்டாள்.

எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அடுத்த வாரம் அங்கே இறங்காமல் இருக்க வழியும் இல்லை. இறங்கினேன். அவளும் கேட்டாள்: "எங்கன இறங்குனீங்க?" "அங்கனதான்" என்றேன். ஒவ்வொரு வாரமும் கேட்டாள். ஒவ்வொரு வாரமும் அதே பதிலைச் சொன்னேன். அவள் முகத்தில் இருந்தது கோபமா, பயமா, வேறு ஏதாவதா என்று எவ்வளவு பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. வேண்டாம் என்று சொல்லித் தொலைத்தால் அந்தப் பக்கத்து முள்ளிலாவது விழுவேன். சொல்லவும் மாட்டாள். வயிறு மட்டும் வாரத்துக்கு வாரம் பெரிதாகிக்கொண்டே வந்தது. கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

பங்குனி அறுப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் காலை என் மைத்துனன் வக்கீல் வீட்டு வாசலில் வந்து நின்றான். முழுப் பாதையும் ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறான். மூச்சு வாங்கியது.

"அத்தான், அக்காவுக்கு வெள்ளனயே வலி எடுத்துட்டு. அம்மா உங்கள வரச் சொல்லுதா. நீங்க முன்னால போங்க, நான் பைய வாறேன்."

வக்கீலிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சுவர்மேல் ஏறினேன், சைக்கிளில் உட்கார்ந்தேன், தள்ளினேன். ஊரைத் தாண்டியதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. முதல் சுமைதாங்கி வந்தது. பழக்கத்தில் கை நீண்டுவிட்டது. அப்போதுதான் அது யாருடைய கல் என்று தோன்றியது. யாருடையதோ. ஒருத்தி சாகாமல் அந்தக் கல் அங்கே வந்திருக்காது. கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன். அடுத்ததிலும் நிற்கவில்லை. இத்தனை வாரமும் செத்தவர்களைப் பிடித்துப் பிடித்துத்தான் அவளிடம் போய்வந்தேனா என்று நினைத்தேன். பெருவிரலால் பெடலை எட்டி எட்டி மிதித்தேன். செம்பு அச்சில் மோதிக் கணகணவென்று அடித்துக்கொண்டே வந்தது. குழாய் கிறீச்சிட்டது. முறிந்தால் முறியட்டும் என்று விட்டுவிட்டேன்.

மதினியின் கல் தூரத்தில் தெரிந்ததும் முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அதைத் தொட்டால் என் மனைவி போய்விடுவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று கேட்டால் இன்றும் சொல்லத் தெரியாது. தாண்டிவிட்டேன். தாண்டியபிறகுதான், இனி இறங்க வழியே இல்லை என்று நினைவு வந்தது.

ஊருக்குள் புகுந்தேன். ஆட்கள் விலகினார்கள். மாமியார் வீட்டு முன்னால் புதிதாகப் போட்ட வைக்கோல் படப்பு இருந்தது. வேறு எதையும் யோசிக்காமல் அதற்குள்ளேயே சைக்கிளை விட்டேன். படப்பு பாதி சரிந்து என்மேல் விழுந்தது. பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. சைக்கிளைப் பார்த்தேன், உள்ளே ஒன்றுமில்லாத அந்தக் குழாய் ஒரு நூல்கூட வளையவில்லை.

சத்தம் கேட்டு மாமியார் வெளியே வந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வைக்கோலுக்குள் உட்கார்ந்தபடியே அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பொட்டப்புள்ள" என்றாள். "ரெண்டு பேரும் நல்லா இருக்காவ."

எழுந்து, பேற்று அறையின் கதவுக்கு வெளியே போய் நின்றேன். உள்ளே போக விடவில்லை. மருத்துவச்சி யாரையோ வெந்நீர் கேட்டு விரட்டிக்கொண்டிருந்தாள். நான் வந்திருப்பதைச் சொன்னார்கள் போலிருக்கிறது. என் மனைவியின் குரல் மெலிந்து கேட்டது.

"எங்கன இறங்குனீங்க?"

"இறங்கல. விழுந்தேன்."

நான் நல்லதுதான் செய்திருக்கிறேன் என்று நினைத்து, இன்றைக்கு எந்தக் கல்லையும் தொடவில்லை என்றும் சொன்னேன். அவள் அழத் தொடங்கிவிட்டாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"அக்காவத் தொட்டுட்டு வாறீங்க, அவ என்னப் பாத்துக்கிடுவான்னு நெனச்சுல்லா இத்தன நாளும் தைரியமா இருந்தேன்" என்றாள். "இன்னைக்கும் தொட்டுட்டுத்தான் வருவீங்கன்னு வலியெல்லாம் பொறுத்துக்கிட்டுக் கெடந்தேன். இப்பமே போயித் தொட்டுட்டு வாங்க. பிள்ளைய வந்து பாக்கலாம்."

ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தேன். சைக்கிளை எடுக்கவில்லை. அறுப்பு ஆட்கள் நிழலுக்கு ஒதுங்கிவிட்ட வயல்வெளியில் வெயில் கொளுத்தியது. அந்தக் கல்லின் முன்னால் நான் வெறுங்காலோடு, ஏறுவதற்கோ இறங்குவதற்கோ அல்லாமல் நின்றது அதுதான் முதல் தடவை. சைக்கிளில் இருக்கும்போது என் இடுப்புக்கு வந்த பலகைக்கல் இப்போது மார்புக்கு நேராக இருந்தது. அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்தேன். கல் சுட்டது. கையை எடுக்கவில்லை.

நான் பார்த்தேயிராத மதினியின் தோள் எனக்கு மார்பளவு. என் மனைவிக்கும் அதே உயரம்தான்.