பூங்காவனத்தின் கீரைப்பாத்தியும் திங்கட்கிழமை வாசகமும்

இருதயராஜுக்குப் பொய் சொல்ல வராது. இருசக்கர வண்டியும் ஓட்ட வராது. இந்த இரண்டும் சேர்ந்து தன்னை எந்த மூலையில் கொண்டுபோய் நிறுத்தும் என்பது அந்த ஜூன் மாதத் திங்கட்கிழமை வரை அவருக்கே தெரியாது.

பட்டாபிராமில் வீடு, ஆவடித் தொழிற்சாலையொன்றில் பிட்டர் வேலை. காலை ஐந்து மணிக்கு எழுந்து பல் துலக்கியதும், அன்றைக்கு என்ன வாசகம் என்று கோயில் காலண்டரில் பார்ப்பார். வேதப்புத்தகத்தைப் பிரித்து அதைப் படிப்பார். படித்ததை வைத்து மூன்று நிமிடச் செபம் ஒன்றை செல்போனில் பேசி அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவார். அன்பியம் என்றால் அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள், மொத்தம் நாற்பத்து மூன்று. ஏழு வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை. வெள்ளம் வந்தபோது மொட்டைமாடியில் நின்று செபித்தார். அன்றைக்கு ஆமென் சொன்னவை தவளைகள்.

அவர் செபத்துக்குத் தனி ருசி உண்டு. வாசகத்தை அப்படியே தெருவுக்கு இழுத்துவந்துவிடுவார். கானாவூர்க் கல்யாணத்தில் திராட்சை ரசம் தீர்ந்துபோனால், இங்கே தண்ணீர் லாரி வராததும் ஆண்டவர் காதுக்குப் போகும். துபாயில் இருக்கும் பிள்ளைகள் ஊர் நிலவரம் அறிய அதைத்தான் கேட்பார்கள்.

அந்தத் திங்கட்கிழமை ஆகாபு அரசனின் கதை. அரண்மனை இருந்தும் பக்கத்து நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தின்மேல் அவனுக்கு ஆசை. நாபோத்து தர மாட்டேன் என்றதும் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறான். அரசி ஈசபேல், "எழுந்து சாப்பிடும், நான் வாங்கித் தருகிறேன்" என்று சொல்லி, நாபோத்தின் கதையையே முடித்துவிடுகிறாள். இருதயராஜ் உருகிப்போனார்.

"ஆண்டவரே, எங்கள் தெருவிலும் ஆகாபு உண்டு. சொந்த வீடு இருந்தும் பக்கத்து இடத்தைப் பார்த்து ஏங்குகிறான். அவனுக்கு நல்ல புத்தியைத் தாரும்."

அனுப்பிவிட்டு நிம்மதியாக டீ குடித்தார்.

ஆறே முக்காலுக்கு வரும் தங்கராஜின் வண்டி அன்று வரவில்லை. இரண்டு வீடு தள்ளி இருக்கும் தங்கராஜுக்கும் அதே அன்பியம், அதே தொழிற்சாலை. இருபத்திரண்டு வருஷமாக அவர் ஓட்ட, இவர் பின்னால். போய்ப் பார்த்தால் ஆள் லுங்கியோடு வாசலில் நின்றிருந்தார்.

"இன்னா மச்சான், டைம் ஆச்சே?"

"ஆகாபு வண்டில நீ ஏறலாமா மாமே? பாவம் ஒட்டிக்கும்."

"எந்த ஆகாபு?"

"நடிக்காத! நேத்து பூங்காவனம் அக்காகிட்ட கீரப் பாத்திய கேட்டேன், வாங்கப் போற காருக்கு ஷெட்டு போட. முடியாதுன்டுச்சு. மனசு கேக்காம, துன்னாம செவுத்தப் பாத்துக்கினு படுத்தேன். அது உனக்கு யார் சொன்னா?"

"அடப்பாவி, நெஜமாவே செவுத்தப் பாத்துக்கினா படுத்த?"

தங்கராஜின் மனைவி சலோமி கரண்டியோடு வெளியே வந்தாள். "இன்னாண்ணே, ஒரு வாய் சோறு துன்னட்டுமேன்னு, 'எந்திரி, நான் பேசி வாங்கித் தரேன்'னு சொன்னேன். அதுக்கு நான் ஈசபேலா?"

"ஐயோ, காலண்டர்ல போட்டுக்கீதும்மா! ஒலகம் பூரா இன்னிக்கு இதான் வாசகம்!"

"'எங்கள் தெருவிலும்'னு ஒலகம் பூரா படிக்கிறாங்களா?"

இருதயராஜ் ரயில் நிலையத்தை நோக்கி நடந்தார். வேலைக்கு நேரமானது ஒரு பக்கம் இருக்கட்டும். இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துப் பழகிய அந்த முதுகு இனி இல்லை என்றால் ஆவடி வரைக்கும் யாரிடம் பேசிக்கொண்டு போவது?

இருவர் வீட்டுக்கும் நடுவிலிருந்த கீரைப்பாத்தியில் குனிந்திருந்த பூங்காவனம் நிமிர்ந்தாள். மாரியம்மனைக் கும்பிடுகிறவள், ஆனாலும் இவர் செபத்தை ஜன்னல் வழியாகத் தினமும் கேட்கிறவள்.

"நைனா, அந்தத் தோட்டக்காரன் கடைசில இன்னா ஆனான்?"

இருதயராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அது... பழங்காலத்துக் கதக்கா."

"கீரப் பாத்தியக் கேட்டது அந்தாளு மட்டுமா? மாதாவுக்கு கெபின்னு சின்னக் கோயில் கட்டணும்னு போன வருஷம் நீயுந்தான கேட்ட? உங்க மாதாவுக்கு கீர வேணும்னா ஒரு கட்டு வாங்கினு போன்னு சொன்னேனே."

அது அவருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலண்டரைப் பார்த்தவருக்கு வியர்த்தது. முதல் வாசகத்தில் ஆகாபின் இரத்தத்தை நாய் நக்கும் என்று வருகிறது; தங்கராஜ் வாசலிலோ எப்போதும் மூன்று தெருநாய்கள். நற்செய்திக்குத் தாவலாம் என்றால், 'பகைவரிடம் அன்பு கூருங்கள்' என்கிறது. தங்கராஜ் பகைவனா? உடம்பு சரியில்லை என்று ஒரு வரி போட்டுவிடலாம்; அந்தப் பொய்தான் வராதே. மிஞ்சியது நடுவில் உள்ள திருப்பாடல்: நாங்கள் பாவம் செய்தோம், இரங்கும்.

செல்போனை எடுத்தார்.

"ஆண்டவரே, நேற்று நான் சொன்ன ஆகாபு வேறு யாருமில்லை, நான்தான். பூங்காவனம் அக்காவின் பாத்தியை உம் தாயின் பெயரைச் சொல்லிக் கேட்டவன் நான். அவர் மறுத்த அன்று நானும் சாப்பிடவில்லை. என்ன, எங்கள் வீட்டில் யாரும் எழுப்பவில்லை. இரங்கும், ஆமென்."

நாற்பத்து மூன்று வீட்டிலும் கேட்டார்கள். குழுவில் ஒரு கும்பிடுகூட விழவில்லை. அன்றைக்கும் ரயில்தான்.

புதன்கிழமை எலியா நெருப்புத் தேரில் விண்ணுக்குப் போகும் வாசகம். இருதயராஜ் தழுதழுத்துப் பேசிக்கொண்டிருந்தபோது, அந்த வேளையில் வழக்கமே இல்லாதபடி வாசலில் ஹாரன் அலறியது. அதுவும் செபத்தில் பதிந்து துபாய் வரை போய்விட்டது. எட்டிப் பார்த்தால் வண்டியில் தங்கராஜ்.

"நெருப்புத் தேர் வந்துகீது, சீக்கிரம் கெளம்பு."

"அஞ்சேகால்தான் ஆவுது மச்சான்! ஆமா, இன்னிக்கு எலியான்னு உனக்கு எப்டித் தெரியும்?"

தங்கராஜ் சட்டைக்குள்ளிருந்து சுருட்டிய காலண்டரை உருவினார். "நேத்து சாயங்காலம் கோயில்லயே வாங்கிட்டேன். தூக்கமே வர்ல மாமே. வெள்ளிக்கெழம வரைக்கும் படிச்சிட்டேன், என்னப் பத்தி ஒண்ணுமில்ல. அப்பால வர்றதுதான் படிச்சா புரியல. டீ குடிச்சிக்கினே நீ சொல்லு. பாத்திப் பேச்ச நான் உட்டுட்டேன்."

இருதயராஜ் ஏறி உட்கார்ந்தார். வண்டி கிளம்பும் நேரத்தில் பூங்காவனத்தின் குரல் துரத்தியது.

"நைனா, ஆளுக்கொரு கட்டு கீர எடுத்து வெச்சுக்கீறேன், சாயங்காலம் வாங்கினு போங்க! ஊட்ல துன்னாம மட்டும் படுக்காதீங்க!"